அலகில் பொறித்த ஊர்: ஐரோப்பியக் கத்திகளைச் சேகரிப்பவர் கவனத்துக்கு

2012 செப்டம்பரில், பிரான்சின் தெற்கே ஓப்ராக் மேட்டுநிலத்தில் இருக்கும் லாயோல் என்ற சிற்றூரின் மக்கள் தங்கள் ஊர் எல்லையில் நின்ற பெயர்ப்பலகையைத் தாங்களே கழற்றினார்கள். ஊர்ப் பெயரை 1993-இல் வணிகக்குறியாகப் பதிவு செய்துகொண்ட வெளியூர் வியாபாரி ஒருவருக்குச் சாதகமாகப் பாரிஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. கத்தியிலிருந்து துணிமணி வரை, ஆசியாவில் செய்து இறக்குமதியான பொருள்கள்கூட அந்தப் பெயரில் விற்றன. உலகம் முழுக்கப் பெயர்பெற்ற ஒரு மடக்குக் கத்தியைத் தந்த ஊர், தன் பெயரை மீட்க ஆண்டுக்கணக்கில் நீதிமன்றம் ஏறி இறங்கியது. ஊரில் இயங்கும் பட்டறை ஒன்று தொடுத்த தனி வழக்கில், கத்தி, கரண்டி வகைப் பொருள்களுக்கு அந்த வணிகக்குறி செல்லாது என்பதை 2017-இல் ஐரோப்பிய நீதிமன்றம் உறுதிசெய்தது.

ஜெர்மனியின் சோலிங்கன் நகரம் இந்தத் தொல்லையை வெகுமுன்பே தீர்த்துக்கொண்டது. ‘சோலிங்கன்’ என்ற பெயரைக் காக்க 1938-இலேயே தனிச் சட்டம் வந்தது; 1994-இல் அது ஒழுங்காணையாகப் புதுப்பிக்கப்பட்டது. முக்கியமான செய்நிலைகள் எல்லாம் சோலிங்கன் தொழில்வட்டாரத்துக்குள் முடிந்த பொருளில்தான் அந்தப் பெயரைப் பொறிக்கலாம். பக்கத்து ஊரான ஹானும் அந்த வட்டாரத்தில் சேர்த்தி. அதற்கு அப்பால் கிடையாது.

ஐரோப்பியக் கத்தி சேகரிக்கத் தொடங்குபவர் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தக் கம்பெனி நல்லது?’ என்பது. அந்தக் கேள்விக்கு விளம்பரங்களே பதில் சொல்லிவிடும். இந்தக் கத்தியின் எந்த வேலை எந்த ஊரில் நடந்தது, யார் சாணை பிடித்தார், அலகில் இருக்கும் பெயருக்குப் பின்னால் சட்டமோ சங்கமோ மரபோ ஏதாவது காவல் நிற்கிறதா என்று கேட்பவரிடம்தான் நல்ல சேகரிப்பு சேர்கிறது. ஐரோப்பாவின் கத்தி ஊர்களை இந்தக் கேள்விகளோடு பார்த்தால், யாரிடம் வாங்கலாம் என்பது தானாகத் தெளியும்.

சோலிங்கன்: பெயரே உத்தரவாதம்

வுப்பர் ஆற்றின் கரையில் நீர்ச்சக்கரத்தால் சாணைக்கல்லைச் சுழற்றிய பட்டறைகள் வரிசையாக இருந்த ஊர் சோலிங்கன். கொல்லர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், பிடி பூட்டுபவர் ஒருவர் என்று வேலை பிரிந்திருந்தது. ஒரு பட்டறையிலிருந்து அடுத்ததற்கு அலகுகளைக் கூடையில் அடுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுபோனவர்கள் பெண்கள். வேலையை இப்படிப் பிரித்ததால் ஒவ்வொரு நிலையிலும் தேர்ச்சி கூடியது, குறிப்பாகச் சாணையில்.

அந்தச் சாணைத் தேர்ச்சியைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டுமானால் 1872-இல் தொடங்கிய ராபர்ட் ஹெர்டர் பட்டறையின் காற்றாலைச் சின்னக் கத்தி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். இதன் அலகை முதுகிலிருந்து விளிம்பு வரை சீராக மெலிய வைத்துச் சாணை பிடிக்கிறார்கள். விளிம்பைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து மெல்ல அழுத்தி நகர்த்தினால், நகம் தொடும் இடத்தில் எஃகு இம்மியளவு வளைந்து கொடுத்து மறுபடி நிமிர்வதைக் கண்ணால் பார்க்கலாம். அவ்வளவு மெல்லிய விளிம்பு இது. கரிம எஃகில் செய்த இந்தச் சமையலறைக் கத்தி விலையில் எளியது. ஆனால் சோலிங்கன் என்றால் என்ன என்று கற்றுக்கொடுக்க இதைவிடச் சிறந்த பாடம் இல்லை.

பெரிய பெயர்களில் முதலாவது ஸ்விலிங். 1731 ஜூன் 13 அன்று பீட்டர் ஹென்கெல்ஸ் இரட்டையர் சின்னத்தைச் சோலிங்கன் கத்திக் கொல்லர் சங்கத்தில் பதிந்தார். மாதத்துக்கு ஏற்ற மிதுன ராசிச் சின்னம். 1814-இல் தொடங்கிய வூஸ்ட்ஹோஃப் சமையல் கத்திகளுக்குப் பெயர்போனது. ஆனால் சேகரிப்பாளர் கூர்ந்து பார்க்க வேண்டியது 1869-இல் பிறந்த போக்கர் நிறுவனத்தை. மரச் சின்னம் கொண்ட இந்த நிறுவனத்தின் ‘மனுஃபக்டூர்’ வரிசை சோலிங்கனில் உருவாகிறது. ‘ஆர்போலிட்டோ’ அர்ஜென்டினாவில் செய்யப்படுவது. ‘போக்கர் ப்ளஸ்’, ‘மேக்னம்’ வரிசைகளில் பெரும்பாலானவை ஆசியத் தொழிற்சாலைகளில் செய்தவை. நிறுவனம் இதை மறைப்பதில்லை. மரம் பிற வரிசைகளிலும் உண்டு. ‘சோலிங்கன்’ என்ற சொல் மட்டும் ஒரு வரிசையில்தான் இருக்கும். ஆகவே, சின்னத்தைப் பார்த்து மயங்காமல் ஊர்ப் பெயரைத் தேட வேண்டும்.

தியேரும் லாயோலும்: இரண்டு ஊர், ஒரு கத்தி

பிரெஞ்சுக் கத்திகளில் பெரும்பகுதி லாயோலில் செய்யப்படுவதில்லை. ஓவர்ன் பகுதியின் தியேர் நகரம்தான் பிரான்சின் கத்தித் தலைநகரம். துரோல் ஆற்றின் ஈரமான பள்ளத்தாக்கில், சாணை பிடிப்பவர்கள் பலகைமேல் குப்புறப் படுத்து, முகத்துக்குக் கீழே சுழலும் கல்லில் அலகை அழுத்தி வேலை செய்தார்கள். குளிருக்கு அவர்களின் கால்களின்மேல் நாயைப் படுக்க வைக்கும் வழக்கம் இருந்தது. இதைக் காட்டும் பழைய படங்களையும் கருவிகளையும் தியேரின் கத்தி அருங்காட்சியகத்தில் இன்றும் பார்க்கலாம்.

லாயோலில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெற்ற மடக்குக் கத்தி, மெலிந்து வளைந்த பிடியும் நீண்ட அலகும் கொண்டது. ஓப்ராக்கிலிருந்து பாரிஸ் போய்க் காபிக் கடைகளிலும் மதுக்கடைகளிலும் பிழைத்தவர்களுக்காக 1880 வாக்கில் அதில் தக்கைத் திருகு சேர்ந்தது. தேவை பெருகியதும் செய்வேலை தியேருக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ‘லாயோல் கத்தி’ என்று விற்றதெல்லாம் ஏறத்தாழ தியேரில் செய்தவையே. சொந்த ஊரில் தொழில் மறுபடி தழைத்தது 1987-இல், ‘ஃபோர்ஜ் த லாயோல்’ தொடங்கிய பிறகு. கூரையைப் பிளந்துகொண்டு வானத்தை நோக்கி நிற்கும் பேரலகுடன் அதன் கட்டடத்தை வடிவமைத்தவர் பிலிப் ஸ்டார்க்.

இதனால் ‘தியேரில் செய்த லாயோல் போலி’ என்பது தவறு. நூறாண்டு மரபு அதற்கும் உண்டு. போலி என்பது ஊர் சொல்லாமல் பெயர் மட்டும் சொல்லும் கத்தி. தேனீச் சின்னம் ஏறத்தாழ எல்லா லாயோல் கத்தியிலும் இருக்கும், மலிவான இறக்குமதியிலும். எனவே தேனீயைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தேனீயும் முதுகு ஸ்பிரிங்கும் ஒரே இரும்புத் துண்டில் அடித்து உருவாக்கியவையா, தனியாகச் செய்து பற்றவைத்ததா என்று பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் முதுகில் அரத்தால் செதுக்கிய வேலைப்பாட்டில் கையின் சிறு ஏற்றத்தாழ்வு தெரியும். எந்திர வேலை எல்லாக் கத்தியிலும் ஒன்றுபோலவே இருக்கும். பிடியில் சிறு ஆணிகளால் பதித்த சிலுவை, மேய்ப்பர் சிலுவை எனப்படுவது, நேராகவும் மட்டமாகவும் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கலாம்.

ஊரிலேயே முழுவதும் செய்வது வேண்டுமென்றால் ஃபோர்ஜ் த லாயோல். ஒரு கத்தியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கைவினைஞர் செய்ய வேண்டுமென்றால் லாயோல் அன் ஓப்ராக். தியேர் மரபில் ஃபோன்த்னீய்-பத்தோ நம்பத்தக்க பெயர். தியேர் நகரம் 1994-இல் ‘லெ தியேர்’ என்ற தனிவடிவத்தையும் உருவாக்கிக்கொண்டது. கத்திக்காரர்களின் குழு அந்த வடிவத்துக்கு விதி வகுத்துக் காவல் காக்கிறது. லாயோல் பட்ட பாட்டைப் பார்த்த இன்னொரு கத்தி ஊர் எடுத்த முன்னெச்சரிக்கை என்றே இதைச் சொல்லலாம்.

பிரான்சில் ஆரம்பச் சேகரிப்பாளர் தயங்காமல் வாங்கக்கூடியது ஓபினல். சவோய் மலைப்பகுதியில் ஜோசஃப் ஓபினல் 1890-இல் வடிவமைத்தது. 1897 முதல் அளவுக்கு எண் கொடுத்தார்கள். மரப்பிடி, அலகு, அச்சாணி, வளையம், இவ்வளவுதான் கத்தி. திறந்த அலகைப் பூட்டும் சுழல்வளையம் 1955-இல் வந்தது. 8-ஆம் எண், கரிம எஃகு அலகோடு, ஒரு உணவக விருந்தின் செலவுகூட ஆகாது.

ஷெஃபீல்டு: பட்டறை மறைந்தாலும் முத்திரை வாழும்

14-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசரின் கதைப் பாத்திரம் ஒன்றின் காலுறையில் ஷெஃபீல்டுக் கத்தி இருக்கிறது. ஷெஃபீல்டு வட்டாரமான ஹாலம்ஷயரின் கத்திக் கொல்லர் சங்கம் 1624-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்டது. ‘ஷெஃபீல்டு’ என்ற சொல்லைக் கொண்ட வணிகக்குறி விண்ணப்பங்களில் இன்றும் அதற்குத் தனிப்பங்கு உண்டு. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகு உருக்கும் முறையைக் கண்டார். 1913-இல் ஹாரி பிரியர்லி, துப்பாக்கிக் குழல் அரிமானத்துக்குத் தீர்வு தேடப் போய், நாம் எவர்சில்வர் என்று புழங்கும் துருப்பிடிக்காத எஃகைத் தந்தார். ஊர்க் கத்திக்காரர்கள் முதலில் அவரை ‘வெட்டாத கத்தி கண்டுபிடித்தவர்’ என்று கேலி செய்தார்கள்.

இந்த வரலாற்றில் தமிழகத்துக்கும் ஓர் இடம் உண்டு. மூசையில் எஃகு உருக்கும் தொழில் கொங்குநாட்டில் பழங்காலத்திலேயே இருந்ததைக் கொடுமணல் அகழாய்வு காட்டுகிறது. தென்னிந்திய உருக்கின் மாதிரிகள் 1790-களில் லண்டன் சென்று, 1819-க்குப் பிறகு மைக்கேல் ஃபாரடேயும் கத்தி வினைஞர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டும் சேர்ந்து செய்த எஃகு ஆய்வுகளுக்குத் தூண்டுகோலாயின. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியில் இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். பின்னர் இங்கிலாந்து திரும்பி, மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839-இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகின் விலை அதனால் சரிந்தது. அந்த முறையைச் சற்றே மாற்றி உற்பத்தியாளர்கள் உரிமத்தொகை தராமல் நழுவ, ஹீத் வழக்குமேல் வழக்காடி, இறுதித் தீர்ப்பு வருமுன் 1851-இல் இறந்துபோனார். 19-ஆம் நூற்றாண்டின் பின்பாதியைச் சேர்ந்த ஷெஃபீல்டு கத்தியைத் தமிழர் ஒருவர் சேகரித்தால், பரங்கிப்பேட்டையின் பங்கையும் தெரிந்துகொண்டு சேகரிக்கலாம்.

ஷெஃபீல்டில் சேகரிப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல் வேறு மாதிரியானது. ஜோசஃப் ராஜர்ஸ், ஜார்ஜ் வோஸ்டன்ஹோம் போன்ற மாபெரும் நிறுவனங்கள் மறைந்து, அவற்றின் முத்திரைகள் மட்டும் கைமாறி இன்னும் புழங்குகின்றன. ராஜர்ஸின் நட்சத்திரமும் சிலுவையும் இருந்தால் மட்டும் கத்தி பழையதாகிவிடாது. அலகின் அடியில் அரசர் பெயரின் முதலெழுத்தும் கிரீடமும் இருந்தால் எந்த ஆட்சிக் காலம் என்று தெரியும். விக்டோரியா காலத்துக்கு ‘வி. ஆர்.’ அமெரிக்கா அனுப்பிய கத்திகளில் ‘இங்கிலாந்து’ என்று நாட்டின் பெயர் பொறித்திருந்தால், பெரும்பாலும் அது 1891-க்குப் பிந்தியது. 1890-இன் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டம்தான் அதைக் கட்டாயமாக்கியது.

ஒற்றை ஆள் பட்டறை வைத்து வேலை செய்தவர்களை ஷெஃபீல்டில் ‘லிட்டில் மெஸ்டர்’ என்பார்கள். அந்த மரபின் பெருங்கலைஞர் ஸ்டான் ஷா 1926-இல் பிறந்து 2021-இல் மறைந்தார்; அவரிடம் ஒரு பேனாக்கத்திக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு. அவருடைய கத்தி இன்று ஏலத்தில்தான் கிடைக்கும். புதிதாக வாங்க ஏ. ரைட் அண்ட் சன், மைக்கேல் மே ஆகிய பெயர்கள் இருக்கின்றன. இந்த வகைக் கத்தியைச் சோதிக்கக் காது போதும். பூட்டு இல்லாத அலகு, ஸ்பிரிங்கின் அழுத்தத்தால் மட்டும் நிற்கிறது. திறக்கையில் தடங்கலின்றி நகர்ந்து, முழுக்கத் திறந்ததும் ‘டக்’ என்று அழுத்தமாக ஒலித்து நிற்க வேண்டும், மூடும்போதும் அப்படியே. சேகரிப்பாளர்கள் இதை ‘வாக் அண்ட் டாக்’ என்கிறார்கள். ஓசை மந்தமாக இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள்.

வடக்கும் தெற்கும்

ஸ்வீடனின் மோரா வட்டாரத்தில் 1891-இல் வேர்விட்ட மோராக்னிவ், தச்சரும் மீனவரும் அன்றாடம் புழங்கும் கத்தி. அலங்காரம் இல்லை, விலை குறைவு, எஃகு உயர்தரம். நார்வேயின் ஹெல்லே 1932 முதல் ஹோல்மெதாலில் இயங்குகிறது. நடுவில் கடினமான எஃகும் இருபுறமும் துருப்பிடிக்காத மென்மையான எஃகும் வைத்து மூன்றடுக்கில் அலகு செய்கிறது. பின்லாந்தின் ‘பூக்கோ’ கத்தியைத் தொழிற்சாலையில் வாங்குவதைவிடத் தனிக் கொல்லரிடம் வாங்குவது நல்லது. அலகின் வால் பிடியின் ஊடே போய் மறுமுனையில் தட்டி மடக்கப்பட்டிருக்கும். பிர்ச் மரப்பட்டை வில்லைகளை அடுக்கி அழுத்திய பிடி, கை நனைந்தாலும் வழுக்காது. தொழிற்சாலைக் கத்தியே வேண்டுமென்றால் கௌஹாவா ஊரின் குதிரைத்தலைப் பிடி பூக்கோ வரலாறு உள்ளது. ஸ்வீடனின் ஃபால்க்னிவென் வடிவமைப்பில் சிறந்தது. ஆனால் அதன் கத்திகளில் பல ஜப்பானின் செகி நகரில் செய்யப்படுபவை. ‘ஐரோப்பியக் கத்தி’ என்று கணக்கு வைப்பவர் இதை எந்தப் பெட்டியில் வைப்பது என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இத்தாலியின் மனியாகோ, 1453-இல் வெட்டிய கால்வாய் நீரால் கத்தித் தொழிலுக்கு வந்த ஊர். இன்று நவீன மடக்குக் கத்திகளில் ஐரோப்பாவுக்கே முன்னோடி இதுதான். ஒரே டைட்டானியக் கட்டியைக் கடைந்து முழுப்பிடியாக்கும் லயன்ஸ்டீலின் எஸ்.ஆர்.-1, எந்திரவேலை எவ்வளவு நுட்பமாகலாம் என்பதற்குச் சான்று. ஃபாக்ஸ், வைப்பர், மசெரின் ஆகியவையும் இந்த ஊரினவே. கைவேலை விரும்புபவர் சார்தீனியத் தீவின் பத்தாதா ஊருக்குப் போக வேண்டும். மிர்ட்டில் இலை வடிவ அலகும் ஆட்டுக்கடாக் கொம்புப் பிடியும் கொண்ட அந்த மடக்குக் கத்தியைச் செய்பவர்கள் தனித்தனிப் பட்டறைக்காரர்கள். அந்தப் பெயரிலும் போலிகள் மலிந்திருப்பதால், செய்தவரின் பெயர் அலகில் இல்லாத பத்தாதாவை வாங்குவதில் பயனில்லை.

எஃகு, காப்பு, சட்டம்

எஃகின் பெயரைக் கேட்டு அசந்துபோக வேண்டியதில்லை. ஆஸ்திரியாவின் போலர் ஆலை தரும் எம்390 எஃகில் கரிமம் 1.9 சதவீதம், குரோமியம் 20 சதவீதம். கூர் நெடுநாள் நிற்கும், ஆனால் வீட்டுச் சாணைக்கல்லுக்கு எளிதில் இணங்காது. ஸ்வீடனின் 12சி27 எஃகில் கரிமம் 0.6, குரோமியம் 13.5 சதவீதம், கூர் சீக்கிரம் போகும், சீக்கிரம் வரும். எந்த எஃகாக இருந்தாலும் காய்ச்சித் தோய்த்த பதம் சரியில்லையென்றால் பெயரால் பயனில்லை. ‘டமாஸ்கஸ்’ என்று விற்பதையும் அறிந்து வாங்க வேண்டும். இன்றைய டமாஸ்கஸ், இருவகை எஃகை அடுக்கி ஒட்டவைத்த வரிவடிவம். மூசையில் உருகி இயல்பாக வரியோடிய பழைய தென்னிந்திய உருக்கு வேறு. ஸ்வீடனின் டமாஸ்டீல், எஃகுத் தூளை இறுக்கித் துருப்பிடிக்காத வரி எஃகு செய்கிறது. கொல்லர்கள் பலர் அதையே வாங்குகிறார்கள். ஊர்பேர் சொல்லாத மலிவு டமாஸ்கஸைத் தொடாமலிருப்பது உத்தமம்.

நம் கடற்கரை ஊர்களின் உப்புக் காற்றில் கரிம எஃகு வேகமாகத் துருப்பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு அலகில் தடவினால் போதும். தோல் உறையிலேயே போட்டு வைக்கக் கூடாது. பதனிட்ட தோலில் உள்ள வேதிப்பொருள்களும் அது ஈர்க்கும் ஈரமும் அலகை அரிக்கும். பழைய செல்லுலாய்டு பிடிக் கத்திகளைத் தனியாக வைக்க வேண்டும். செல்லுலாய்டு சிதையும்போது எழும் ஆவி பக்கத்திலுள்ள கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். பழங்கத்தியைப் பளபளப்பாக்கத் தேய்த்தால் முத்திரையும் மதிப்பும் சேர்ந்தே போகும்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்திய ஆயுத விதிகளின்படி, வீட்டு, வேளாண், தொழிற் பயன்பாட்டுக்கு அல்லாத கத்தியின் அலகு 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் அது ஆயுதக் கணக்கில் வரும். யானைத் தந்தப் பிடி கொண்ட பழைய ஷெஃபீல்டு கத்தியை இந்தியாவுக்குக் கொண்டுவர நினைக்கவே கூடாது. வனவிலங்குச் சட்டம் அனுமதிக்காது. பிரிட்டனிலும் 2022 முதல் தந்தப் பொருள் விற்பனைக்கு, சில விலக்குகள் போக, தடை உண்டு.

முடிவாக ஒரு வரிசை சொல்ல வேண்டுமென்றால்: முதலில் ஓபினலும் மோராவும் ஹெர்டரும் வாங்குங்கள், மூன்றும் சேர்ந்து ஒரு நடுத்தர லாயோலின் விலைகூட வராது. அவற்றைப் புழங்கி, சாணை பிடித்துப் பழகிய பின் ஊரில் செய்த ஒரு லாயோலும், ‘சோலிங்கன்’ என்று பொறித்த ஒரு போக்கரும், ஒரு ஷெஃபீல்டு பேனாக்கத்தியும் சேருங்கள். லயன்ஸ்டீலையும் பின்லாந்துக் கொல்லரின் பூக்கோவையும் அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். எதை வாங்கினாலும், விற்பவரிடம் இது எந்த ஊரில், யார் கையால் ஆனது என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல பட்டறைக்காரர் பெருமையோடு எழுதித் தருவார். மழுப்புகிறவரிடம் வாங்காதீர்கள்.